ஓடும் மூச்சு, இழுக்கும் மூச்சு

ஓடிக்கொண்டிருக்கும்போது வருவதைவிட, ஓடி முடித்து நின்ற பிறகுதான் எனக்கு இழுப்பு அதிகம் வரும். ஆஸ்துமா இல்லாதவர்களிடம் இதைச் சொன்னால் நம்பாமல் பார்ப்பார்கள். ஓட்டம் நின்றால் மூச்சு அடங்கத்தானே வேண்டும்? அவர்களுக்கு அடங்கும். எனக்கும் முதல் சில நிமிடங்கள் அடங்குவதுபோலத்தான் இருக்கும். அப்புறம் நெஞ்சு மெல்ல இறுகும். தொண்டை கமறும். சளி வராத வறட்டு இருமல் ஒன்று பிடித்துக்கொண்டு விடாது. மூச்சை வெளியே விடும்போது உள்ளே எங்கோ கீச்சென்று சத்தம் கேட்கும்.

இந்தச் சில நிமிட இடைவெளியைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் நான் உருப்படியாக ஓடத் தொடங்கினேன். ஓடுகிற எல்லோருக்கும் மூச்சு வாங்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதோடு இழுப்பும் வரலாம். இரண்டும் வேறு வேறு. பிரித்தறியத் தெரியாதவரை, இயல்பாக மூச்சு வாங்கினாலே பயந்து உட்கார்ந்துவிடுவோம். அல்லது உண்மையான இழுப்பு வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவோம். என்னோடு ஓடியவர்களில் இரண்டு வகையினரையும் பார்த்திருக்கிறேன். முதல் வகையினர் ஓட்டத்தை இழக்கிறார்கள். இரண்டாம் வகையினர் உயிரோடு விளையாடுகிறார்கள்.

நான் வளர்ந்தது முதல் வகையில். "இளைப்பு உள்ள பிள்ளை, ஓட விடாதீங்க" என்பதுதான் வீட்டில் எப்போதும் கேட்ட பேச்சு. அதைச் சொன்னவர்கள்தான் எனக்கு மூச்சு முட்டிய இரவுகளில் முதுகைத் தடவிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அதன் விளைவு என்ன? விளையாட்டு வகுப்பில் மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தேன். ஓடாத உடம்புக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்த மூச்சையும் ஆஸ்துமாவின் கணக்கில் சேர்த்துவிடுவோம். அதனால் இன்னும் குறைவாக அசைவோம், உடம்பு இன்னும் சோர்ந்துபோகும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும். ஆஸ்துமா அப்படியே இருக்க, உடற்பயிற்சி இல்லாமையே ஒரு தனி நோய்போல மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சரி, ஏன் நின்ற பிறகு? இதைப் புரிந்துகொண்டது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். நன்றாகப் பயிற்சி பெற்றவர் வேகமாக ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டிவிடும். நுரையீரலின் ஆழத்தைத் தொடும் காற்று 37 டிகிரி செல்சியஸ் சூட்டோடும் முழு ஈரத்தோடும் இருந்தாக வேண்டும். அமைதியாக மூச்சு விடும்போது மூக்கே இந்த வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடும். ஓடும்போது மூக்கு போதாமல் வாய் திறந்துகொள்கிறது. காற்று காய்ந்தபடியே உள்ளே இறங்க, அதை ஈரமாக்கும் பொறுப்பு மூச்சுக்குழாய்களின் உட்சுவர்மேல் விழுகிறது. அங்கே இருப்பதோ மிக மெல்லிய நீர்ப்படலம். அதிலிருந்து நீர் போகப்போக, மிச்சம் இருக்கும் திரவத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. அந்தச் செறிவு, குழாய்ச் சுவரில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான மாஸ்ட் செல்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற பொருள்களை வெளியே கொட்டுகின்றன. உடனே குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. எல்லோருடைய குழாயும் ஓடும்போது ஓரளவு காயத்தான் செய்யும். ஏற்கெனவே அழற்சியோடு புண்பட்டிருக்கும் குழாய்தான் இவ்வளவு ஆத்திரமாகப் பதில் சொல்கிறது. குளிரில் ஓடினால் மோசமாவதும் இதனால்தான். குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு சுரக்கும் அட்ரினலினும், ஆழ்ந்து இழுக்கும் மூச்சும் குழாய்களை ஓரளவு விரித்துவைக்கின்றன. நின்றவுடன் அந்தப் பாதுகாப்பு விலகிவிடுகிறது. அதனால் பெரும்பாலோருக்கு இறுக்கம் உச்சத்தை அடைவது ஓடி முடித்த 5 முதல் 15 நிமிடங்களுக்குள். சாதாரணமாக அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தானாகவே தளர்ந்துவிடும். மருத்துவமனையில் இதைச் சோதிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். டிரெட்மில்லில் 6 முதல் 8 நிமிடம் கடுமையாக ஓடவைப்பார்கள். நிறுத்திய பிறகு அரை மணி நேரம்வரை விட்டுவிட்டு ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, ஓடுவதற்கு முன் இருந்ததைவிட 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் ஓட்டம் குழாயைச் சுருக்குகிறது என்று பொருள்.

கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸ் இந்த நோயை விவரிக்கும்போது, ஓடுவதாலும் உடற்பயிற்சியாலும் மூச்சு சிரமமாவதைத்தான் முதலில் குறிப்பிட்டார். படித்தபோது மனம் நெகிழ்ந்தது. அவ்வளவு பழைய காலத்திலும் யாரோ ஒருவர் ஓடி முடித்து, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருவர் அதைக் கவனித்திருக்கிறார்.

இனி மருந்து. ஆஸ்துமாவோடு ஓட விரும்பும் ஒருவர் என்னிடம் வந்தால், காலணியைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ நான் பேசுவதில்லை. "தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை எடுக்கிறீர்களா?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மூச்சு நல்லாத்தானே இருக்கு, அதனால நிறுத்திட்டேன்" என்பது. நம்மில் பலருக்குப் பிடித்தது உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர்தான். சல்பூட்டமால் இரண்டு பஃப் அடித்தால் சில நிமிடங்களில் நெஞ்சு திறந்துவிடும். அதன் வேலை கண்கூடாகத் தெரிகிறது. தினசரி எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் அப்படி எதையும் காட்டாது. அது குழாயின் அழற்சியை நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லத் தணிக்கிறது. இன்று அடித்ததன் பலன் இன்றைய ஓட்டத்தில் தெரியாது. அடுத்த மாத ஓட்டத்தில்தான் தெரியும். தெரியாததால் விட்டுவிடுகிறோம். என்னை ஓடவைத்தது இந்த இரண்டாவது இன்ஹேலர் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அழற்சி தணிந்த குழாய், காய்ந்த காற்று பட்டாலும் முன்புபோல் சீறுவதில்லை.

ஸ்டீராய்டு என்றதும் வரும் பயம் எனக்கும் தெரியும். "பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரை நல்ல மருந்திலிருந்து விலக்கிவைத்திருக்கிறார்கள். உறிஞ்சும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் அளவில் நேராகக் குழாய்க்குப் போகிறது. இழுப்பு முற்றிப்போனபின் விழுங்க நேரும் ஸ்டீராய்டு மாத்திரைகளோ மில்லிகிராம் அளவில் உடம்பு முழுக்கப் போகின்றன. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். சிறிய அளவுக்குப் பயந்து பெரிய அளவிடம் போய்ச் சிக்கிக்கொள்கிறோம். உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால், வாயில் பூஞ்சைத் தொற்று, குரல் கம்மல் போன்ற தொல்லைகளும் பெருமளவு குறையும். அழுத்தி அடிக்கும் வகை என்றால் ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குடுவை, வைத்து அடிப்பது நல்லது. மருந்து தொண்டையில் படிந்து வீணாகாமல் உள்ளே போய்ச் சேரும்.

உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019இல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சல்பூட்டமால் போன்ற உடனடி நிவாரணியை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டாம்; ஏதாவது ஒரு வடிவில் ஸ்டீராய்டு இன்ஹேலரும் இருக்க வேண்டும் என்றது. இன்று சிலருக்கு, குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெரால் என்ற மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, ஓடுவதற்கு முன்பும் தேவைப்படும்போதும் எடுக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு எது என்பது உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. நீங்கள் ஓடுகிறவர் என்பதை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "ஓடுவதற்கு முன் எதை, எவ்வளவு, எப்போது எடுக்க வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள்.

ஓட்டத்துக்கு முன் சல்பூட்டமால் எடுக்கச் சொல்லியிருந்தால், வழக்கமாக அது 10 முதல் 15 நிமிடத்துக்கு முன்பு. இரண்டு முதல் நான்கு மணி நேரம் பாதுகாப்பு இருக்கும். ஆனால் அதைத் தினமும் எடுத்தால் அந்தப் பாதுகாப்பு மெல்ல மங்கிவிடும். ஒவ்வொரு நாளும் அது இல்லாமல் ஓட முடியவில்லை என்றால், உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று குழாய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் பஃப்பைக் கூட்டாதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

உடம்பைச் சூடேற்றுவதில் நமக்கென்றே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஓட்டத்தால் குழாய் சுருங்கும் ஆட்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, ஒருமுறை சுருங்கித் தளர்ந்த பிறகு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம்வரை அது மறுபடி அவ்வளவாகச் சுருங்குவதில்லை. குறுகிய வேக ஓட்டங்களாகச் சூடேற்றினால், பெரிய இழுப்பு வராமலேயே இந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி கிடைக்கிறது. நான் செய்வது இதுதான்: நன்றாக நடப்பேன், மெதுவாக ஓடுவேன், அப்புறம் அரை நிமிட வேக ஓட்டங்கள் சில, இடையிடையே நடை. பிறகு கொஞ்சம் ஓய்வு. அதன் பின்தான் உண்மையான ஓட்டம். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் ஓட்டத்தை நடையாக்கி, நடையை மெதுவாக்கித்தான் நிற்கிறேன்.

முதலில் சொன்ன அந்தப் பிரித்தறிதலுக்கு வருகிறேன். எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இது கிடையாது. ஆனால் நம் பயிற்சியின் முக்கால் பங்கு இதுதான்.

இயல்பான மூச்சு வாங்கல் வேகத்தோடு ஏறும், வேகத்தைக் குறைத்தால் உடனே இறங்கும். ஆழமாக இழுக்கவும் முடியும், முழுதாக விடவும் முடியும். அடிக்கடி தேவைப்படுகிறது, அவ்வளவுதான். நின்று இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு முழு வாக்கியம் பேச வரும். இழுப்பு வேகத்துக்குக் கட்டுப்படாது. வேகத்தைக் குறைத்த பிறகும் ஏறிக்கொண்டே போகும். அதில் விடுவதுதான் கஷ்டம்; பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே தங்குவதால் புதிய காற்றுக்கு இடமில்லாதது போல இருக்கும். கூடவே இருமல் வரும். சிலருக்கு இருமல் மட்டுமே வரும், விசில் சத்தமே இருக்காது. அவர்கள் அதைத் தூசி என்றும் தொண்டை வறட்சி என்றும் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஓடி முடித்தபின் தவறாமல் இருமல் வருகிற எவரும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

உணர்வை மட்டும் நம்பவும் கூடாது. நீண்ட காலம் சுருங்கிய குழாயோடு வாழ்ந்தவருக்கு அதுவே இயல்பாகத் தெரியும். அதற்குத்தான் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற எளிய கருவி. உங்கள் நல்ல நாளில் ஊதிக் கிடைக்கும் மிக உயர்ந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பொதுவான கணக்கில், அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை, 50க்கும் 80க்கும் இடையே மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு. காலையில் ஊதும்போது மஞ்சளில் இருந்தால் அன்று நான் ஓடுவதில்லை. அது என் விதி. உங்கள் எல்லையை உங்கள் மருத்துவரோடு பேசி வகுத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு முன் ஒரு எண், நின்று பத்து நிமிடம் கழித்து ஒரு எண் என்று சில வாரம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால், "ஓடினா ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட அவருக்கு அது எவ்வளவோ உதவும்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. சிலருக்கு, குறிப்பாக இளம் விளையாட்டு வீரர்களுக்கு, ஓடும்போது அடைவது மூச்சுக்குழாய் அல்ல, குரல்வளை. அதில் இழுக்கும்போதுதான் கஷ்டம். சத்தமும் உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கேட்கும். கடுமையாக ஓடும் அந்த நேரத்திலேயே உச்சத்துக்குப் போய், நின்ற சில நிமிடங்களில் விலகிவிடும். இன்ஹேலர் அடித்தாலும் பலன் இருக்காது. இவர்களுக்கு ஆஸ்துமா என்று நினைத்து மருந்தை ஏற்றிக்கொண்டே போவது நடக்கிறது. இதற்குத் தேவை மூச்சுப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியாளரின் உதவியும். இன்ஹேலர் உங்களுக்கு எதுவுமே செய்யவில்லை என்றால் இந்தச் சாத்தியத்தை மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் இழுக்கிறவரைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கும் நாம், அதே மடங்கு புகையையும் தூசியையும் இழுக்கிறோம். குழாயை எரிச்சலூட்டும் ஓசோன் வாயு, வெயில் ஏறிய பிற்பகலில் கூடும். நுண்துகள் காற்று அசையாத குளிர்காலக் காலைகளில் தேங்கி நிற்கும். ஓட்ட உலகின் மாமனிதர் ஹெய்லே கெப்ரசெலாசி, ஆஸ்துமா காரணமாக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானில் ஓட மறுத்தார். அந்த நகரத்தின் மாசு நுரையீரலுக்கு ஆகாது என்பதுதான் காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் 2 மணி 3 நிமிடம் 59 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஒலிம்பிக் மாரத்தானையே விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வந்தது. காற்று கெட்ட ஒரு நாளில் பயிற்சியை விட்டுவிட நமக்கும் வரலாம்.

இடிமழையை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறேன், ஏனென்றால் மழைக்கு முந்திய குளிர்காற்றில் ஓடுவது பலருக்கும் பிடிக்கும். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்ன் நகரில் இடிமழை வந்தபோது புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, ஆழமாக உள்ளே போகக்கூடிய நுண்துகளாகப் பரவியது. ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 10 பேர் இறந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருப்பதாகவே தெரியாது. மகரந்த ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர், மகரந்தக் காலத்தில் இடிமேகம் திரண்டால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட வேண்டும்.

ஆஸ்துமாவோடு சாதித்தவர்களின் பெயர்களை அடுக்குவது வழக்கம். நானும் இருவரைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்கு 14 வயதில் ஆஸ்துமா என்று தெரிந்தது. 2003இல் லண்டன் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடினார்; அந்த உலக சாதனையை 2019 வரை எந்தப் பெண்ணாலும் முறியடிக்க முடியவில்லை. அமெரிக்கத் தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சி 1988இல் சியோலில், ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் எடுத்த 7,291 புள்ளிகள் இன்றும் உலக சாதனை. ஆஸ்துமாவை ஏற்க மறுத்து, மருந்தை ஒழுங்காக எடுக்காமல் இருந்த காலத்தைப் பற்றி அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இவர்களைப் பார்த்து "மனவலிமை இருந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மனவலிமையால் மூச்சுக்குழாய் விரியாது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு முன் அமெரிக்க அணியின் 597 பேரைச் சோதித்தபோது 67 பேருக்கு ஓட்டத்தாலும் உழைப்பாலும் குழாய் சுருங்குவது தெரியவந்தது. அவர்களுக்குச் சரியான மருந்து கிடைத்தது. அந்த 67 பேர் 41 பதக்கங்களோடு திரும்பினார்கள். நான் இதில் பார்ப்பது சோதனையையும் சிகிச்சையையும்தான்.

போட்டிகளில் ஓடுகிறவர்கள் ஊக்கமருந்து விதியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உறிஞ்சும் சல்பூட்டமாலுக்கு உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு வைத்திருக்கும் எல்லை 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம். எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் போகக் கூடாது. ஒரு பஃப் பொதுவாக 100 மைக்ரோகிராம் என்பதால் ஒழுங்காகச் சிகிச்சை எடுப்பவருக்கு இது தாராளம்.

ஓடுவதால் ஆஸ்துமா குணமாகுமா? ஆகாது. நுரையீரல் பெரிதாகவும் ஆகாது. ஆனால் பயிற்சியால் இதயமும் தசையும் தேறும்போது, அதே வேகத்தில் ஓட முன்பைவிடக் குறைந்த காற்றே போதுமாகிறது. குறைந்த காற்று என்றால் குழாய் குறைவாகக் காய்கிறது. இழுப்பைத் தூண்டும் எல்லை அப்படியே இருந்தாலும் அதைத் தொட இப்போது அதிக வேகம் வேண்டியிருக்கிறது. பேருந்துக்காக ஓடுவதும், மாடி ஏறுவதும், குழந்தையைத் துரத்துவதும் அந்த எல்லைக்கு வெகு கீழே வந்துவிடுகின்றன. ஓட்டம் எனக்குத் தந்தவற்றில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

அதோடு, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துங்கள். சளி, காய்ச்சல் வந்துபோன பிறகும் குழாய் சில வாரம் முரண்டு பிடிக்கும். அப்போது நடை போதும். இழுப்பு வந்தால் படுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி நிவாரண மருந்தை எடுங்கள். வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, மருந்து எடுத்தும் தளரவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர உதவியை அழைக்க வேண்டும். மூச்சு முட்டியபடியே விசில் சத்தம் மட்டும் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று நினைக்கவே கூடாது. சத்தம் எழுப்பக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். அதுதான் மிக ஆபத்தான நிலை. இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று உடன் ஓடுகிறவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

பிள்ளைக்கு ஆஸ்துமா உள்ள பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக விளையாட்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சூடேற்றிக்கொள்ள நேரம் கொடுக்கச் சொல்லுங்கள். ஓட்டம் முடிந்து பத்து நிமிடம்வரை பிள்ளைமேல் ஒரு கண் வைத்திருக்கச் சொல்லுங்கள். பிள்ளை நிற்க விரும்பினால் கேள்வி கேட்காமல் நிற்க விடவும், மூச்சு தேறியபின் திரும்ப ஓட விரும்பினால் ஓட விடவும் சொல்லுங்கள். இன்ஹேலர் அலுவலக அறையின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. பிள்ளையின் பையிலோ, மைதானத்தில் நிற்கும் ஆசிரியரின் கையிலோ இருக்க வேண்டும்.